மூச்சில் கலக்கும் தண்ணீர்

2011ஆம் ஆண்டின் வசந்த காலம். தென்கொரியத் தலைநகர் சியோலில் உள்ள ஆசன் மருத்துவ மையத்தின் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு இளம்பெண்கள் அடுத்தடுத்து வந்து சேர்ந்தார்கள். சிலர் நிறைமாதக் கர்ப்பிணிகள். சிலர் பிள்ளை பெற்றுச் சில வாரங்களே ஆனவர்கள். எல்லோருக்கும் நோய் ஒரே விதமாகத்தான் தொடங்கியிருந்தது. முதலில் இருமல், பிறகு நான்கு அடி நடந்தாலே மூச்சு வாங்குதல், அதற்குப் பிறகு நுரையீரல் இறுகிச் சுருங்கிப்போதல். ஆன்டிபயாடிக்குக்கும் அடங்கவில்லை, ஸ்டீராய்டுக்கும் அடங்கவில்லை. சிலருக்கு நுரையீரல் மாற்று அறுவை சிகிச்சை செய்ய வேண்டியிருந்தது. சிலர் கைக்குழந்தையை விட்டுவிட்டு இறந்துபோனார்கள்.

கொரியக் குழந்தை மருத்துவர்களுக்கு இந்தக் காட்சி முற்றிலும் புதிதல்ல. 2006 முதலே ஒவ்வொரு வசந்தத்திலும் இப்படிப்பட்ட குழந்தைகளை அவர்கள் பார்த்துவந்தார்கள். அதே மருத்துவமனையின் ஹொங் சூ ஜொங் உள்ளிட்டவர்கள் அந்தக் குழந்தைகளைப் பற்றி மருத்துவ இதழில் எழுதவும் செய்தார்கள். வைரஸ் என்றுதான் பலரும் நினைத்தார்கள். சோதனைகளில் எல்லோருக்கும் பொதுவான ஒரு கிருமி அகப்படவே இல்லை. கோடை வந்ததும் புது நோயாளிகள் வருவது நின்றுவிடும். அடுத்த ஆண்டு குளிர்காலம் முடியும் தறுவாயில் மறுபடியும் தொடங்கும்.

ஏப்ரலில் மருத்துவமனை அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையத்துக்குத் தகவல் கொடுத்தது. ஆய்வாளர்கள் நோயாளிகளின் வீட்டு வாழ்க்கையை ஒன்றுவிடாமல் விசாரித்தார்கள். என்ன சாப்பிட்டார்கள், என்ன மருந்து எடுத்தார்கள், எந்தக் கொசுவிரட்டி, எந்த வாசனைப் பொருள், எந்தப் பூச்சு என்று கேள்விகள் நீண்டன. நோய் இல்லாதவர்களிடமும் இதே கேள்விகளைக் கேட்டு ஒப்பிட்டபோது ஒன்று மட்டும் தனித்துத் தெரிந்தது. ஹியூமிடிஃபையர் தண்ணீரில் கலக்கும் கிருமிநாசினியைப் பயன்படுத்தியவர்களுக்கு இந்த நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சுமார் 47 மடங்கு இருந்தது. ஆகஸ்ட் 31 அன்று இதை அரசு வெளியிட்டது. நவம்பரில் விலங்குச் சோதனை முடிவுகளும் அதையே சொன்னதும், அந்தப் பொருட்களைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற உத்தரவு பிறந்தது.

ஹியூமிடிஃபையர் என்பது அறைக் காற்றில் ஈரம் சேர்க்கும் கருவி. கொரியக் குடியிருப்புகளில் தரைக்கு அடியில் சுடுநீர்க் குழாய்கள் ஓடும். குளிர்காலம் முழுக்க அந்தத் தரைச்சூட்டில் அறைக் காற்று காய்ந்துபோகும். தூங்கி எழுந்தால் தொண்டை வறளும், குழந்தைக்கு மூக்கில் ரத்தம் கசியும். அதனால் பெரும்பாலும் படுக்கையறையில், அதிலும் குழந்தை படுக்கும் இடத்துக்குப் பக்கத்தில், ஒரு ஹியூமிடிஃபையர் இரவெல்லாம் ஓடும். தண்ணீர் தேங்கும் எந்தப் பாத்திரத்துக்கும் நேர்வதுதான் அதன் தொட்டிக்கும் நேரும். இரண்டு நாள் விட்டால் அடியில் வழவழப்பாகப் பாசி பிடிக்கும். தினமும் தேய்த்துக் கழுவச் சலிப்பவர்களுக்காக 1994இல் ஒரு நிறுவனம் புதிய பொருளைக் கொண்டுவந்தது. ஒரு மூடி அளவு திரவத்தைத் தொட்டியில் ஊற்றினால் போதும், கிருமி சேராது. அப்படியே கருவியை ஓடவிடலாம். பிறகு பல நிறுவனங்கள் இந்தச் சந்தையில் இறங்கின. 2011 வரை ஏறத்தாழ ஒரு கோடிப் பாட்டில்கள் விற்றன.

அந்தப் பாட்டில்களில் இருந்தவை பெரும்பாலும் இரண்டு வகை வேதிப்பொருட்கள். சுருக்கமாகப் பி.எச்.எம்.ஜி. என்று அழைக்கப்படுவது ஒன்று. சி.எம்.ஐ.டி., எம்.ஐ.டி. கலவை மற்றொன்று. முதலாவது, கம்பளம் போன்றவற்றில் கிருமி வளராமல் தடுக்கும் பொருளாக அரசின் பரிசீலனைக்கு வந்து அனுமதி பெற்றது. வாய்வழியாக உள்ளே போனாலும் தோலில் பட்டாலும் அதற்கு நச்சுத்தன்மை குறைவு. மூச்சுவழியாக உள்ளே போனால் என்னவாகும் என்று விற்பனைக்கு முன் யாரும் முறையாகச் சோதிக்கவில்லை. மூச்சுக்காற்றில் கலப்பதற்காகவே விற்கப்பட்ட ஒரு பொருளுக்கு, மூச்சைப் பற்றிய அந்த ஒரு சோதனைதான் நடக்கவில்லை. மனித உடலுக்குப் பாதுகாப்பானது, குழந்தைகள் இருக்கும் வீட்டிலும் கவலையின்றிப் பயன்படுத்தலாம் என்ற பொருளில் பாட்டிலில் அச்சிட்டும் இருந்தார்கள்.

வயிறும் நுரையீரலும் ஒன்றல்ல. வயிற்றில் அமிலம் இருக்கிறது, பின்னால் கல்லீரல் இருக்கிறது. வேண்டாததைச் சிதைக்கவும் வெளியேற்றவும் உடலுக்கு அங்கே வழிகள் உண்டு. நுரையீரலின் கடைசிச் சிற்றறைகளில் காற்றுக்கும் ரத்தத்துக்கும் இடையே இருப்பது மயிரிழையைவிடப் பல மடங்கு மெல்லிய ஒரு சவ்வு மட்டும்தான். கருவி உமிழ்ந்த நுண்துளிகள் காற்றில் உலர, அவற்றில் இருந்த வேதிப்பொருள் மிகமிக நுண்ணிய துகள்களாக மிஞ்சியது. அந்தத் துகள்கள் மூச்சுச் சிறுகுழாய்களின் முனைவரை போய்ப் படிந்தன. அந்த இடம் புண்ணாகி, ஆறி, தழும்பாகியது. குளிர்காலம் நெடுக இரவுதோறும் இது நடந்ததால்தான் நோயாளிகள் வசந்தத்தில் வந்து குவிந்தார்கள்.

இந்த விவகாரத்தில் நெஞ்சை அறுப்பது வேறொன்று. பாதிக்கப்பட்டவர்கள் அலட்சியமாக இருந்தவர்கள் அல்ல. தொட்டியில் கிருமி இருக்கக் கூடாது என்று கவலைப்பட்டவர்கள், பிள்ளைக்காகக் கடைக்குப் போய்க் காசு கொடுத்து அந்தப் பாட்டிலை வாங்கியவர்கள். கர்ப்பிணிகளும் பச்சிளம் குழந்தைகளும் வீட்டுக்குள்ளேயே அதிக நேரம் இருப்பவர்கள் என்பதால் அதிகமாக மூச்சில் இழுத்ததும் அவர்கள்தான். தன் கையால் ஊற்றியதே தன் குழந்தையைக் கொன்றது என்ற நினைப்போடு இன்றும் வாழும் பெற்றோர் அங்கே இருக்கிறார்கள். அவர்கள் செய்த பிழை எதுவும் இல்லை. பிழை, சோதிக்காமல் விற்றவர்களுடையது. கேள்வி கேட்காமல் விற்கவிட்டவர்களுடையதும்கூட.

தடைக்குப் பிறகு குழந்தைகளிடம் அந்த நோய் புதிதாகத் தோன்றுவது நின்றது. நீதி மட்டும் மெதுவாக வந்தது. மிக அதிகம் விற்ற பொருளின் நிறுவனமான ரெக்கிட் பென்கைசரின் கொரியக் கிளை 2016இல்தான் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. அதன் முன்னாள் தலைவர் ஒருவருக்கு விதிக்கப்பட்ட 6 ஆண்டுச் சிறைத்தண்டனையை 2018இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. பாதிக்கப்பட்டவர்களாக அரசு ஏற்றுக்கொண்டோரின் எண்ணிக்கை 5000ஐத் தாண்டிவிட்டது. வீட்டுப் பயன்பாட்டுக் கிருமிநாசினிகளுக்கென்றே தனிச் சட்டம் இயற்றப்பட்டு 2019இல் நடைமுறைக்கு வந்தது.

இதையெல்லாம் படித்துவிட்டு, கிருமிநாசினிதானே ஆபத்து, வெறும் தண்ணீர் ஊற்றினால் போதுமே என்று ஒருவர் நினைக்கலாம். போதாது. பாசி பிடித்த தண்ணீரும் நுரையீரலைத் தாக்கும் என்பது இன்னும் பழைய பாடம். 1959இல் சுவிட்சர்லாந்தில் ஒரு தச்சுப் பட்டறைத் தொழிலாளர்களுக்குக் கூட்டமாகக் காய்ச்சல் வந்தது. பட்டறைக் காற்றை ஈரப்படுத்திய கருவியின் தண்ணீரில் பூஞ்சை வளர்ந்திருந்ததை பெஸ்டலோட்ஸி என்ற மருத்துவர் கண்டறிந்து எழுதினார். 1970இல் அமெரிக்காவில் பனாசாக் என்பவரும் அவருடைய சகாக்களும் ஓர் அலுவலகத்தின் குளிரூட்டும் அமைப்பில் வளர்ந்திருந்த வெப்பம் விரும்பும் நுண்ணுயிர்களால் அங்கு வேலை செய்தவர்களுக்கு நுரையீரல் ஒவ்வாமை நோய் வந்ததைப் பதிவுசெய்தார்கள். மருத்துவ நூல்களில் ஹியூமிடிஃபையர் காய்ச்சல், ஹியூமிடிஃபையர் நுரையீரல் என்ற பெயர்கள் நிலைத்தது இப்படித்தான். நோயாளியின் உடலில் கிருமி பெருகுவதே இல்லை. தண்ணீரில் இருந்த நுண்ணுயிர்களின் உடற்கூறுகளை மூச்சில் இழுத்ததற்கு உடலின் எதிர்ப்புச் சக்தி மூர்க்கமாகப் பதில் சொல்வதால் வரும் கேடு அது. கிருமியே நேரடியாகத் தொற்றியதும் உண்டு. 2008 டிசம்பரில் சைப்ரஸ் நாட்டின் ஒரு தனியார் மருத்துவமனையில் பிறந்த குழந்தைகளின் அறையில் வைத்திருந்த ஹியூமிடிஃபையர் வழியாக லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா பரவியது. பிறந்து சில நாட்களே ஆன சிசுக்களுக்கு நிமோனியா வந்தது, உயிரிழப்புகளும் நேர்ந்தன. கருவியில் ஊற்றியிருந்தது குழாய்த் தண்ணீர்.

எல்லா ஹியூமிடிஃபையரும் ஒரே விதமாக வேலை செய்வதில்லை. கடைகளில் இன்று பெரும்பாலும் கிடைப்பது அல்ட்ராசோனிக் வகை. தொட்டியின் அடியில் ஒரு சிறு வட்டத் தகடு நொடிக்குப் பத்து லட்சம் தடவைக்கும் மேல் அதிர்ந்து, தண்ணீரைச் சில மைக்ரான் அளவுத் துளிகளாகச் சிதறடிக்கும். வெளியே வருவது வெண்புகைபோலத் தெரிந்தாலும் அது ஆவி அல்ல, தண்ணீரேதான். அந்தத் தண்ணீரில் உப்பு இருந்தால் உப்பும், கிருமி இருந்தால் கிருமியும், மருந்து இருந்தால் மருந்தும் கூடவே வரும். கொரியாவில் வினையாகிப் போனது இந்தச் செயல்முறைதான். விசிறித் தட்டு சுழன்று தண்ணீரைச் சிதறடிக்கும் வகையும் ஏறக்குறைய இதே கணக்கு.

ஈரத்திரி வகை வேறு. நனைந்த திரியின் ஊடே மின்விசிறி காற்றை ஊதும். தண்ணீர் ஆவியாக மட்டுமே காற்றில் சேரும், உப்பு திரியிலேயே தங்கிவிடும். ஆனால் அந்தத் திரியே பூஞ்சைக்கு நல்ல இடம் என்பதால் குறித்த காலத்தில் மாற்றியாக வேண்டும். தண்ணீரைக் கொதிக்கவைத்து நீராவி விடும் வகையில் கிருமி பிழைப்பதில்லை, உப்பும் வெளியே வராது. அதற்கு வேறொரு ஆபத்து உண்டு. தவழும் குழந்தை கையை நீட்டித் தட்டிவிட்டால் கொதிநீர் மேலே கொட்டும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் குழந்தைகளின் அறைக்குக் குளிர்ந்த பனி உமிழும் கருவியையே பரிந்துரைப்பது இதனால்தான். கோவிட் காலத்தில் இங்கிலாந்தின் பர்மிங்காம் குழந்தைகள் மருத்துவமனைக்கு ஆவி பிடிக்கும்போது வெந்துபோன குழந்தைகள் வழக்கத்தைவிட மிக அதிகமாக வந்தார்கள் என்று 2020இல் அங்குள்ள மருத்துவர்கள் எச்சரித்தார்கள். பாத்திரத்தில் வெந்நீர் வைத்துப் போர்வைக்குள் பிள்ளையை உட்காரவைக்கும் பழக்கம் நம் வீடுகளிலும் இருப்பதால் இதைச் சொல்லியாக வேண்டும்.

அல்ட்ராசோனிக் கருவி ஓடும் அறையில் மேசை, அலமாரி, டிவி திரை எல்லாவற்றின் மீதும் வெள்ளையாக மாவு படிவதைச் சிலர் கவனித்திருப்பார்கள். கடினநீரில் இருக்கும் கால்சியமும் மக்னீசியமும்தான் அந்த மாவு. மேசையில் படிவது மூக்கிலும் போகிறது. இப்படிப்பட்ட வெண்தூளை மூச்சில் இழுத்து நுரையீரல் பாதிக்கப்பட்ட ஒரு சிசுவைப் பற்றி 2011இல் பீடியாட்ரிக்ஸ் இதழில் அமெரிக்க மருத்துவர்கள் எழுதினார்கள். எல்லோருக்கும் அந்த அளவுக்கு ஆகிவிடாது. ஆனாலும் ஆஸ்துமா உள்ளவர்கள் இருக்கும் வீட்டில் போர்வெல் தண்ணீரை இந்தக் கருவியில் ஊற்றவே கூடாது. காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் கிருமிக்கு நல்ல தீர்வு, உப்புக்கு அல்ல. கொதித்தாலும் உப்பின் பெரும்பகுதி தண்ணீரிலேயே இருக்கும். ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு குறைவு, ஆனால் வடிகட்டியும் தொட்டியும் சுத்தமாக இல்லாவிட்டால் அதிலும் கிருமி உண்டு. இரண்டுக்கும் சேர்ந்த வழி, ஆர்.ஓ. தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்து ஊற்றுவது. மூடி திறக்காத டிஸ்டில்டு வாட்டர் கிடைத்தால் இன்னும் நல்லது. இன்வெர்ட்டர் பேட்டரிக்கு விற்கும் கேன் தண்ணீர் மூச்சில் கலப்பதற்காகத் தயாரானதல்ல, அதைத் தொட வேண்டாம்.

இந்தக் கருவி வீட்டுக்குத் தேவைதானா என்பதைத் தண்ணீரைப் பற்றி யோசிக்கும் முன்பே கேட்டிருக்க வேண்டும். விளம்பரங்கள் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போய்விடுகின்றன. குளிர்ந்த காற்றால் அதிக ஈரத்தைத் தாங்க முடியாது. 0 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சமாக 5 கிராம் அளவுக்கே நீராவியைத் தாங்கும். 22 டிகிரியில் 19 கிராம் தாங்கும். வெளியிலிருந்து வரும் 0 டிகிரிக் காற்றை ஹீட்டர் 22 டிகிரிக்குச் சூடாக்கும்போது ஈரம் அதே 5 கிராம்தான், தாங்கும் திறன் மட்டும் நான்கு மடங்காகிறது. அதனால் அறையின் ஈரப்பதம் 25 சதவீதத்துக்கு இறங்கிவிடுகிறது. டொரன்டோவிலோ ஒஸ்லோவிலோ குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்கு ஜனவரியில் தோல் வெடிப்பதும் மூக்கில் ரத்தம் வருவதும் இதனால்தான். அங்கே ஹியூமிடிஃபையர் உண்மையிலேயே உதவும். மூச்சுக்குழாயின் உட்புறச் சளிப்படலம் இளகிய நிலையில் இருந்தால்தான் அதிலுள்ள நுண்மயிர்கள் தூசியையும் கிருமியையும் மேலே தள்ள முடியும்.

சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் யாழ்ப்பாணத்திலும் நிலைமை தலைகீழ். கடற்கரைக் காற்றில் ஈரப்பதம் பெரும்பாலான நாட்கள் 70 சதவீதத்தைச் சுற்றியே இருக்கும். ஏசி ஓடும் அறையில் அது குறையும் என்றாலும், பல வீடுகளில் குறைந்தபின் நிற்கும் இடமே மருத்துவர்கள் விரும்பும் அளவுதான். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வீட்டுக்குள் 30 முதல் 50 சதவீதம் ஈரப்பதம் போதும் என்கிறது. அதைத் தாண்டினால் தூசிப்பூச்சிகள் மெத்தையிலும் தலையணையிலும் பெருகத் தொடங்கும். இன்னும் ஏறினால் சுவரில் பூஞ்சை பூக்கும். இரண்டும் ஆஸ்துமாவைக் கிளப்புபவை. இருமலுக்கு இதமாக இருக்கும் என்று நினைத்து வாங்கிய கருவி இருமலை வளர்க்கும். ஈரப்பதத்தைக் காட்டும் சிறிய டிஜிட்டல் ஹைக்ரோமீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஹியூமிடிஃபையர் வாங்குவதற்கு முன் அதை வாங்கி, ஒரு வாரம் படுக்கையறையில் வைத்துப் பார்ப்பது நல்லது. பல வீடுகளில் அந்த ஒரு வாரத்திலேயே ஹியூமிடிஃபையர் வாங்கும் எண்ணம் போய்விடும்.

மருத்துவப் பலனையும் மிகைப்படுத்தக் கூடாது. தொண்டைக் குழாய் வீங்கி, நாய் குரைப்பதுபோல இருமும் குரூப் என்ற நோய்க்கு ஈரக்காற்றே மருந்து என்று தலைமுறைகளாக நம்பப்பட்டது. டொரன்டோவில் 140 குழந்தைகளிடம் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வில், அவசர சிகிச்சைப் பிரிவில் அதிக ஈரக்காற்று கொடுத்த குழந்தைகளுக்குக் கூடுதல் பலன் எதுவும் தெரியவில்லை. வறண்ட காற்றால் வரும் அவஸ்தையை ஹியூமிடிஃபையர் தணிக்கும். நோயைக் குணப்படுத்தும் கருவியாக அதை நினைக்க வேண்டியதில்லை.

மதுரை, திருச்சி, வேலூர்ப் பக்கம் ஹியூமிடிஃபையர் இல்லாத வீடுகளிலும் அதன் உறவுக்காரர் ஒருவர் உண்டு: ஏர்கூலர். நனைந்த மெத்தையின் ஊடே காற்றை இழுத்துக் குளிர்விக்கும் ஏர்கூலரும் ஈரத்திரி ஹியூமிடிஃபையரின் அதே வேலையைத்தான் பெரிய அளவில் செய்கிறது. தொட்டியில் தேங்கும் தண்ணீரில் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும். கோடை முடிந்ததும் தண்ணீரை இறைக்காமல் மூலையில் தள்ளிவைத்து, அடுத்த மார்ச்சில் அப்படியே போட்டால் ஒரு வருடப் பூஞ்சையும் அறைக்குள் பறக்கும். வாரம் ஒருமுறையாவது தொட்டியை முழுதும் காலிசெய்து உட்பக்கத்தைத் தேய்க்க வேண்டும். மெத்தையில் நாற்றம் வந்தால் மாற்றிவிட வேண்டும்.

இனி, கழுவும் முறை. இதற்குக் குறுக்குவழி தேடியதுதான் கொரியாவின் கதை என்பதால் நிதானமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

காலையில் எழுந்ததும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, தொட்டியில் மிச்சமிருக்கும் தண்ணீரை முழுக்கக் கொட்ட வேண்டும். பாதி தண்ணீர் அப்படியே இருக்கிறதே என்று அதன் மேலேயே நிரப்புவதுதான் பெரும்பாலோர் செய்வது. கிருமிக்கு வேண்டியதும் அதுதான். தொட்டியையும், தகடு இருக்கும் அடிப்பகுதியையும் சுத்தமான துணியால் துடைத்து, மூடாமல் காயவைக்க வேண்டும். இரவு ஓட்டும்போது புதுத் தண்ணீர். மூன்று நாளைக்கு ஒருமுறை முழுச் சுத்தம். முதலில் வெள்ளை வினிகரைத் தண்ணீரோடு கலந்து ஊற்றி ஊறவிட்டால் உப்புக்கறை இளகும். பழைய டூத் பிரஷ் கொண்டு தேய்த்தால் மூலைகளிலும் வரும். தகட்டை மட்டும் கீறாமல் மெதுவாகத் துடைக்க வேண்டும். அலசிய பிறகு கிருமிநீக்கம். இதற்கு 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு ஏற்றது. மருந்துக்கடைப் பாட்டிலில் 6 சதவீதம் என்று அச்சிட்டிருந்தால் சம அளவு தண்ணீர் சேர்த்துக்கொள்ளலாம். கருவியோடு வந்த கையேடு வேறொன்றைச் சொன்னால் அதையே பின்பற்றலாம். எதைப் பயன்படுத்தினாலும் வாசனை துளியும் மிஞ்சாத அளவுக்குப் பல தண்ணீர் ஊற்றி அலசியாக வேண்டும். கழுவப் பயன்படும் எதுவும் கருவி ஓடும்போது தொட்டிக்குள் இருக்கக் கூடாது. வினிகரோடு பிளீச்சிங் திரவத்தையோ பிளீச்சிங் பவுடரையோ சேர்த்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து.

வாங்கும்போதே கை நுழையும் அகலமான வாய் உள்ள தொட்டியைப் பார்த்து வாங்கினால் இந்த வேலை பாதியாகக் குறையும். பார்க்க அழகாக, பொம்மை வடிவில், குறுகிய கழுத்தோடு வரும் கருவிகளின் உள்ளே பிரஷ் போகாது. கழுவ முடியாத கருவி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். வைக்கும் இடமும் முக்கியம். தலையணைக்குப் பக்கத்தில் முகத்தை நோக்கி வைக்காமல் ஓரிரு மீட்டர் தள்ளி வைக்க வேண்டும். ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் முத்துமுத்தாகக் கோத்தால், சுவர் ஈரமானால், நிறுத்திவிட வேண்டும்.

தொட்டியில் தண்ணீரைத் தவிர எதையும் சேர்க்கக் கூடாது என்பதை வீட்டில் உள்ள எல்லோருக்கும் சொல்லிவைப்பது நல்லது. நல்லெண்ணத்தோடு யாராவது இரண்டு சொட்டு யூகலிப்டஸ் தைலம் விடுவார்கள், ஒரு கட்டி கற்பூரம் போடுவார்கள். கற்பூரம் சிறு குழந்தைகளுக்கு வலிப்பை வரவழைக்கக்கூடிய பொருள். வாசனை என்பதாலேயே ஒன்று சுத்தமாகிவிடாது என்பதற்கு 2021இல் அமெரிக்காவில் நடந்ததே சாட்சி. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நான்கு மாநிலங்களில் நால்வருக்கு மெலியாய்டோசிஸ் என்ற, அந்த நாட்டில் அரிதான தொற்று வந்தது. இருவர் இறந்தார்கள். மாதக்கணக்கில் தேடிய பிறகு, அறையில் தெளிக்கும் ஒரு வாசனைத் திரவத்தில் அந்தப் பாக்டீரியா இருந்தது தெரியவந்தது. அது இந்தியாவில் தயாரித்து அனுப்பப்பட்ட பொருள்.

ஹியூமிடிஃபையரே இல்லை என்று நினைக்கும் வீட்டிலும் ஒன்று இருக்கலாம். நுரையீரல் நோயாளிகளுக்காக வாங்கிய ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டரின் பக்கவாட்டில், குமிழி விட்டுக்கொண்டிருக்கும் சிறிய பாட்டிலுக்குப் பெயரே ஹியூமிடிஃபையர் பாட்டில்தான். கோவிட் இரண்டாம் அலையில் ஆயிரக்கணக்கான வீடுகளுக்கு இந்தக் கருவி வந்தது. பலர் அதில் குழாய்த் தண்ணீரை ஊற்றினார்கள். கருப்புப் பூஞ்சை நோய் பரவிய 2021 மே மாதத்தில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) வெளியிட்ட அறிவுரைகளில் ஒன்று, ஆக்சிஜன் கொடுக்கும்போது இந்தப் பாட்டிலில் கிருமி நீக்கிய சுத்தமான நீரையே பயன்படுத்த வேண்டும் என்பது. கான்சன்ட்ரேட்டர் இன்னும் பல வீடுகளில் முதியவர்களுக்காக ஓடிக்கொண்டிருக்கிறது. தினமும் பாட்டிலைக் கழற்றிக் கழுவி நீரை மாற்றும் வேலை அங்கே யாருடையது என்று தீர்மானமாக ஒருவரிடம் ஒப்படைக்க வேண்டும். தூக்கத்தில் மூச்சடைப்புக்காகச் சிபாப் கருவி மாட்டிக்கொள்பவர்களின் நீர்ப்பெட்டிக்கும் இதே கவனம் தேவை.

அறிகுறிகளை அடையாளம் காண்பது கடினம், ஏனெனில் அவை சாதாரணச் சளிக்காய்ச்சல்போலவே இருக்கும். கருவி ஓடிய சில மணி நேரத்தில் குளிர்காய்ச்சல், உடம்புவலி, வறட்டு இருமல், நெஞ்சில் இறுக்கம். மறுநாள் தணியும். வீட்டைவிட்டு வெளியூர் போய் நாலு நாள் இருந்தால் நன்றாகவே இருக்கும், திரும்பி வந்ததும் மறுபடி தொடங்கும். நோய் இப்படிப் போய்ப் போய் வருவதுதான் முக்கியமான தடயம். நாட்பட விட்டால் மூச்சிரைப்பும் எடை இழப்பும் சேரும், நுரையீரலில் தழும்பும் விழலாம். அப்படி ஒரு சந்தேகம் வந்தால் முதலில் கருவியை நிறுத்திவிட்டு, நுரையீரல் மருத்துவரிடம் போக வேண்டும். படுக்கையறையில் ஹியூமிடிஃபையர் ஓடுகிறது, ஏர்கூலர் ஓடுகிறது, வீட்டில் புறாவோ கிளியோ இருக்கிறது என்பதை அவர் கேட்காவிட்டாலும் சொல்லிவிட வேண்டும். புறா, கிளி போன்ற பறவைகளின் எச்சமும் இறகுத் தூசியும் இதே ஒவ்வாமை நோயைக் கொண்டுவரும் என்பதால், இவற்றில் எது காரணம் என்று பிரித்தறிய மருத்துவருக்கு அந்தத் தகவல் தேவைப்படும். தொட்டியைக் கழுவிவிட்டுப் போக வேண்டாம். முடிந்தால் அதையும் உள்ளே இருக்கும் தண்ணீரையும் அப்படியே படம் எடுத்துக்கொண்டு போய்க் காட்டலாம்.